மூடி வச்ச லேப்டாப் பைக்குள்ள ஏன் கொதிக்குது? ஸ்லீப், ஹைபர்நேட் கோளாறுகளைச் சரிசெய்யலாம்

[திரை: பையிலிருந்து வெளியே வரும் லேப்டாப். பேட்டரி 11%]

ராத்திரி உங்க விண்டோஸ் லேப்டாப்பை 90 சதவீத சார்ஜோட மூடி பையில வச்சீங்க. காலையில திறந்தா 11. அடிப்பக்கம் கை வைக்க முடியல, ஃபேன் வேற இரையுது. உடனே புது பேட்டரி வாங்கக் கிளம்பிடாதீங்க. பல நேரம் பேட்டரி மேல தப்பே இருக்காது. ராத்திரி முழுக்க லேப்டாப் தூங்கவே இல்ல, அவ்வளவுதான்.

அடிப்படை ரெண்டு வரியில. ஸ்லீப்னா மத்ததெல்லாம் அணைஞ்சு, ராமுக்கு, அதாவது திறந்திருக்கிற வேலையெல்லாம் தற்காலிகமா இருக்கிற மெமரிக்கு மட்டும், கொஞ்சம் கரண்ட் போயிட்டிருக்கும். ஹைபர்நேட்னா ராம்ல இருக்கறதை டிஸ்க்ல எழுதி வச்சிட்டு மொத்தமா அணைஞ்சிரும். போதும், வேலைக்கு வருவோம்.

[திரை: கமாண்ட் ப்ராம்ப்ட், அட்மினா திறக்குது]

ஸ்டார்ட்ல சிஎம்டின்னு அடிச்சு, ரைட் கிளிக் பண்ணி, 'ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' குடுங்க. பவர், அதோட ஒட்டி சி எஃப் ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், ஏ. என்டர்.

உங்க மெஷினுக்கு எந்தெந்த தூக்கம் தெரியும்னு பட்டியல் வரும். 'ஸ்டாண்ட்பை எஸ்3'ன்னு மேல இருந்தா பழைய நல்ல தூக்கம். 'எஸ்0 லோ பவர் ஐடில்'னு இருந்தா, அது மாடர்ன் ஸ்டாண்ட்பை. நான் வச்ச பேரு கோழித்தூக்கம். ஸ்கிரீன் அணைஞ்சிருக்கும், ஆனா போன் மாதிரி உள்ளே அப்பப்ப கண்ணைத் திறந்து மெயில் வந்திருக்கா, அப்டேட் இருக்கான்னு பார்த்துக்கிட்டே இருக்கும். எல்லாம் ஒழுங்கா நடந்தா பிரச்சனை இல்ல. ஒரே ஒரு டிரைவர், அதாவது வைஃபை, ஆடியோ மாதிரி சாதனங்களை இயக்குற சாஃப்ட்வேர், அடம் பிடிச்சா போதும், சிப் ஆழமா தூங்காது. காத்து போகாத பைக்குள்ள அந்தச் சூடு எங்க போகும்?

எஸ்0 உள்ளவங்க அடுத்து அடிக்க வேண்டியது: அதே பவர்சிஎஃப்ஜி, ஸ்பேஸ், ஸ்லாஷ், ஸ்லீப்ஸ்டடி. கடைசி வார்த்தை ரெண்டையும் ஒட்டி எழுதுங்க. ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைல் உருவாகும், அது எங்க இருக்குன்னும் அங்கேயே காட்டும். பிரவுசர்ல திறங்க.

[திரை: ரிப்போர்ட், சிவப்புக் கோடு பெரிதாக]

கடைசி மூணு நாள் ஜாதகம் இதுல இருக்கு. எப்ப மூடினீங்க, எத்தனை மணி நேரம், எத்தனை சதவீதம் கரைஞ்சது, எல்லாம். நீளமான ஒரு ஸ்லீப் செஷனைத் தொடுங்க. கீழே 'டாப் அஃபெண்டர்ஸ்', அதாவது குற்றவாளிப் பட்டியல். வைஃபையா, ஆடியோவா, ஏதாவது ஆப்பான்னு பேரோட இருக்கும். பக்கத்துல 'டிரிப்ஸ்'னு ரெண்டு எண்: ஒண்ணு சாஃப்ட்வேர், இன்னொண்ணு ஹார்ட்வேர். எவ்வளவு நேரம் ஆழ்ந்த தூக்கத்துல இருந்துச்சுங்கற சதவீதம் அது. சாஃப்ட்வேர் 95, ஹார்ட்வேர் 3ன்னு இருந்தா, விண்டோஸ் ஒழுங்கா ஒதுங்கிருச்சு, ஏதோ ஒரு சாதனம்தான் விடல. அப்ப பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடியே மெஷினை எழுப்புற அடிப்படை சாஃப்ட்வேர்), சிப்செட் (மதர்போர்டு) டிரைவர், வைஃபை டிரைவர் மூணையும் லேப்டாப் கம்பெனி தளத்துல இருந்தே புதுப்பிங்க. ஆப் தான் காரணம்னா சும்மா அன்இன்ஸ்டால் பண்ணிடுங்க, பாவம் பார்க்க வேண்டாம்.

விண்டோஸ் தன் செட்டிங்ஸை எல்லாம் வச்சிருக்கிற ரெஜிஸ்ட்ரியில ஒரு வரி சேர்த்து எஸ்3யைத் திரும்பக் கொண்டு வரலாம்னு ஒரு வித்தை சுத்திட்டிருக்கு. பயாஸ்லயே எஸ்3 இல்லாத மெஷின்ல அதைச் செஞ்சா, ஸ்லீப் ஆப்ஷனே காணாமப் போயிரும். நான் சொல்ல மாட்டேன்.

[திரை: கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ்]

என் கட்சி: பேட்டரியில ஓடும்போது மூடியை மூடினா ஹைபர்நேட். பவர் ஆப்ஷன்ஸ் உள்ளே 'சூஸ் வாட் குளோசிங் த லிட் டஸ்'. அங்க 'ஆன் பேட்டரி' பக்கம் ஹைபர்நேட் வைங்க. அந்தப் பேரே இல்லையா? கமாண்ட்ல பவர்சிஎஃப்ஜி, ஸ்லாஷ் ஹெச், ஸ்பேஸ், ஆன். அப்பவும் வரலன்னா ராம்ல இருக்கறதை எழுதி வைக்கிற ஹைபர்நேட் ஃபைல் சின்ன சைஸ்ல இருக்கலாம். பவர்சிஎஃப்ஜி, ஸ்லாஷ் ஹெச், ஸ்பேஸ், ஸ்லாஷ் டைப், ஸ்பேஸ், ஃபுல்னு அடிங்க. முழு சைஸ்னா வழக்கமா ராம்ல 40 சதவீதம். 16 ஜிபி ராம்னா சி டிரைவ்ல சுமார் 6.4 ஜிபி காலி இடம் வேணும்.

'ஐயோ, எஸ்எஸ்டி தேஞ்சிருமே'ங்கறீங்களா? கணக்குப் போடுவோம். 300 டிபி (டெராபைட், ஒரு டிபின்னா 1000 ஜிபி) எழுதலாம்னு உத்தரவாதம் உள்ள 500 ஜிபி எஸ்எஸ்டி. ஒவ்வொரு தடவையும் முழு 6 ஜிபியும் எழுதுதுன்னே வைங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவைன்னா வருஷத்துக்கு 4.4 டிபி. தேய 68 வருஷம். அதுக்குள்ள கீபோர்டுல எழுத்தெல்லாம் அழிஞ்சிருக்கும்.

ஸ்லீப்புக்கே போகலன்னா அதே பவர்சிஎஃப்ஜியோட ஸ்லாஷ் ரிக்வெஸ்ட்ஸ். 'ஆடியோ ஸ்ட்ரீம் இஸ் கரண்ட்லி இன் யூஸ்'னு வந்தா, எங்கயோ ஒரு டேப்ல வீடியோ ஓடிட்டிருக்கு. தானா முழிச்சா பவர்சிஎஃப்ஜி, ஸ்லாஷ் லாஸ்ட்வேக்; கடைசியா எது எழுப்புச்சுன்னு காட்டும். மவுஸ்னு சொன்னா, டிவைஸ் மேனேஜர்ல அந்த மவுஸோட பவர் மேனேஜ்மெண்ட் டேப்ல 'வேக் த கம்ப்யூட்டர்' டிக்கை எடுங்க. மேசை ஆடினாலே முழிக்கிற மெஷின் அதோட அடங்கும். திறந்ததும் கருப்பு ஸ்கிரீன்னா விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் சேர்த்து அமுக்குங்க. கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும், திறந்திருக்கிற ஃபைல் போகாது.

[திரை: டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், சிபியு]

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்சது. டாஸ்க் மேனேஜர்ல சிபியுவைத் தொட்டு, கீழே 'அப் டைம்', அதாவது விண்டோஸ் கடைசியா புதுசா தொடங்கி எவ்வளவு நேரம் ஆச்சுன்னு, பாருங்க. தினமும் ஷட் டவுன் பண்றவங்களுக்கும் 12 நாள், 20 நாள்னு காட்டலாம்! 2012ல விண்டோஸ் 8 கொண்டு வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் செய்ற வேலை. ஷட் டவுன் பண்ணும்போது உங்க ஆப்பெல்லாம் மூடும், ஆனா விண்டோஸோட கரு ஹைபர்நேட் ஃபைல்ல போய்ப் படுத்துக்கும். காலையில அதே பழைய கருதான் எழுந்து வருது, கோளாறான டிரைவரையும் கூட்டிக்கிட்டு. உண்மையில எல்லாத்தையும் புதுசா தொடங்குறது ரீஸ்டார்ட்! ஷட் டவுனே முழுசா வேணும்னா ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டே ஷட் டவுனைத் தொடுங்க.

அதனால டிரைவர் மாத்தினா, பயாஸ் மாத்தினா, ரீஸ்டார்ட் குடுத்துட்டு, ஒரு ராத்திரி மூடி வச்சு, மறுபடி ஸ்லீப்ஸ்டடி எடுத்துப் பாருங்க. ரெண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா மாற்றம் தெரியும். அதுக்கு முன்னாடி, உங்க அப் டைம் எத்தனை நாள்னு கமெண்ட்ல போடுங்க. பெரிய எண் யாருதுன்னு பார்ப்போம்.