யூரியா 48, பி.யூ.என். 21: அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டதா?

அடுத்த கேள்வி மதுரையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. அவருடைய அப்பாவுக்கு 63 வயது, ஆட்டோ ஓட்டுகிறார். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. தை மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 21 என்று வந்ததாம். வைகாசியில் வேறு இடத்தில் எடுத்தபோது 48. சிறுநீரகம் வெளியேற்றும் இன்னொரு கழிவான கிரியேட்டினின் இரண்டு முறையும் 1.0. "நான்கே மாதத்தில் இரண்டு மடங்கு ஏறிவிட்டதே, டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்குமா? பயத்தில் பருப்பு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன்" என்று எழுதியிருக்கிறார்.

அம்மா, பதறாதீர்கள். நீங்கள் அனுப்பிய இரண்டு தாள்களையும் பார்த்தேன். எண்ணுக்கு இடப்பக்கம் இருக்கும் பெயரைப் படியுங்கள். தை மாதத் தாளில் பி.யூ.என். என்று இருக்கிறது, அதாவது யூரியாவில் உள்ள நைட்ரஜனின் எடை மட்டும். இப்போதைய தாளில் பிளட் யூரியா என்று இருக்கிறது. அது முழு யூரியாவின் எடை. தேங்காயை மட்டையோடு ஒரு முறையும் உரித்து ஒரு முறையும் எடை போட்டால் ஒரே எண்ணா வரும்? யூரியாவின் மூலக்கூறு எடை 60, அதில் நைட்ரஜன் 28. அதனால் பி.யூ.என். எண்ணை 2.14 ஆல் பெருக்கினால் யூரியா கிடைக்கும். உங்கள் அப்பாவின் 21 ஐப் பெருக்கிப் பாருங்கள், 45 வருகிறது. ஆக, 45 இப்போது 48 ஆகியிருக்கிறது. அவ்வளவுதான் ஏற்றம். இந்த ஒரு குழப்பத்தால் தூக்கம் தொலைத்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பரிசோதனைக் கூடங்கள் இரண்டு எண்களையும் சேர்த்தே அச்சிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இருந்தாலும் 48 கொஞ்சம் கூடுதல்தான். பெரியவர்களுக்கு யூரியா சுமார் 15 முதல் 40 வரை, பி.யூ.என். 7 முதல் 20 வரை இருக்கலாம். கிரியேட்டினின் அசையாமல் இருக்கும்போது யூரியா மட்டும் ஏன் கூடியது? நாம் சாப்பிடும் புரதம் செரித்துக் கழிந்ததை கல்லீரல் யூரியாவாக்குகிறது, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் தண்ணீரை விடாமல் இழுத்துப் பிடிக்கும்; அதோடு யூரியாவும் ரத்தத்துக்கே திரும்பிவிடும். கிரியேட்டினின் அப்படித் திரும்புவதில்லை. பி.யூ.என். எண்ணைக் கிரியேட்டினினால் வகுத்து 20 க்கு மேல் வந்தால் முதல் சந்தேகம் தண்ணீர்க் குறைவுதான். உங்கள் அப்பாவுக்கு 22 வருகிறது. வைகாசி வெயிலில் நாள் முழுக்க ஆட்டோவில் இருப்பவர், சிறுநீர் கழிக்க இடம் இல்லையே என்று தண்ணீர் குடிப்பதையே தள்ளிப்போடுவார். அதை அவரிடமே கேளுங்கள். கால் வீக்கமோ இதய நோயோ இல்லையென்றால், ஒரு பாட்டில் தண்ணீர் எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

இன்னும் இரண்டு கேள்விகள் கேளுங்கள். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் தாமாக மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். சர்க்கரையும் தண்ணீர்க் குறைவும் சேர்ந்த உடம்பில் அது ஆபத்து. அடுத்து, மலம் தார் போலக் கறுப்பாகப் போகிறதா? வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலும் அது செரித்து யூரியாவை ஏற்றும். அப்படி இருந்தால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

பருப்பை நிறுத்தியது தவறு அம்மா. இன்றைக்கே சாம்பார் ஊற்றுங்கள், முட்டையும் கொடுங்கள். புரதத்தைக் குறைத்தால் யூரியா எண் இறங்கும், உடம்பும் சேர்ந்து இளைக்கும். அது சிறுநீரகம் தேறியதற்கு அடையாளம் இல்லை.

எனக்கு இந்த 48 ஐ விட அந்த எட்டு ஆண்டுச் சர்க்கரைதான் கவலை தருகிறது. கிரியேட்டினின் 1.0 என்றால், அவர் வயதுக்குச் சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் திறன் எண்பதுக்கு மேல் வருகிறது, நல்லதுதான். ஆனால் சர்க்கரையால் வரும் சிறுநீரகப் பாதிப்பு ஆரம்பத்தில் யூரியாவில் தெரியாது. சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதத்தில்தான் பெரும்பாலும் முதலில் தெரியும். உங்கள் இரண்டு தாள்களிலும் அந்தப் பரிசோதனையே இல்லை. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் ஆல்புமின், கிரியேட்டினின் விகிதம் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்தையும் பாருங்கள். இரண்டு வாரம் நன்றாகத் தண்ணீர் குடித்த பிறகு, முதலில் எடுத்த அதே இடத்தில் யூரியாவையும் கிரியேட்டினினையும் மறுபடி எடுத்து, எல்லாத் தாள்களையும் அவருடைய சர்க்கரை மருத்துவரிடம் காட்டுங்கள்.