பித்தளைப் பிள்ளையாரின் கன அளவு

நேயர்களுக்கு வணக்கம். சிரக்கூஸ் மன்னர் ஹையரோவின் கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று ஆர்க்கிமிடீஸ் கண்டுபிடித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாத்திரத்தில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, கிரீடத்தை முக்கி, வெளியேறிய தண்ணீரை அளந்தார் என்று எழுதிவைத்தவர் விட்ருவியஸ் என்ற ரோமானியர். அவர் அதை எழுதியது ஆர்க்கிமிடீஸ் இறந்து சுமார் 200 ஆண்டுகளுக்குப் பிறகு.

நான் சொல்லவந்தது, அந்தக் கதையில் உள்ள கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள் என்பதுதான். ஒரு கிலோ சுத்தத் தங்கத்தின் கன அளவு சுமார் 52 கன சென்டிமீட்டர். அதில் 300 கிராமை எடுத்துவிட்டு அதே எடைக்கு வெள்ளியைச் சேர்த்தால் 65 ஆகும். வித்தியாசம் வெறும் 13. கிரீடம் இறங்கும் அளவுக்கு, 20 சென்டிமீட்டர் வாயுள்ள பாத்திரத்தில் இது நீர்மட்டத்தை அரை மில்லிமீட்டர்கூட உயர்த்தாது! விளிம்பு வரை ஊற்றிய தண்ணீர் வழியாமல் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அந்தப் புடைப்பே இதைவிட அதிகம். இந்த முறை நுட்பம் போதாதது என்று கலிலியோவும் 1586-இல் எழுதினார். பொருளைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்ப்பதுதான் சரி என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இதை வீட்டிலேயே செய்யலாம். சமையலறையில் டிஜிட்டல் தராசு இருந்தால் போதும். வீட்டில் ஒரு சின்னப் பித்தளைப் பிள்ளையார் இருக்கிறார், எடை 425 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தும்பிக்கை, தொந்தி, காது என்று எந்த ஸ்கேலுக்கும் அடங்காத உருவம். தராசின்மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து பூஜ்ஜியமாக்குங்கள். அப்புறம் பிள்ளையாரை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாமல் பிடித்துக்கொள்ளுங்கள். தராசு 50 என்று காட்டினால் கன அளவு 50 கன சென்டிமீட்டர், அவ்வளவுதான். தண்ணீர் பிள்ளையாரை மேலே தள்ளுகிறது, அதே விசையோடு அவர் தண்ணீரைக் கீழே தள்ளுகிறார், அந்த விசை அவர் விலக்கிய தண்ணீரின் எடைக்குச் சமம். ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு கிராம் என்பதால் வேறு கணக்கே வேண்டாம். மீதி எடையை உங்கள் கையிலுள்ள நூல் தாங்குகிறது.

இப்போது 425-ஐ 50-ஆல் வகுத்தால் 8.5, பித்தளையின் அடர்த்தி. 50-க்குப் பதில் 80 என்று வந்தால் சிலைக்குள் எங்கோ பொள்ளல் இருக்கிறது, அல்லது அது பித்தளையே இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். தும்பிக்கைக்கும் தொந்திக்கும் நடுவில் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொள்ளும், அதுவும் கன அளவில் சேர்ந்துவிடும். தண்ணீருக்குள்ளேயே சிலையை லேசாக ஆட்டி, குமிழ்களைத் தட்டிவிட்ட பிறகு எண்ணைப் பாருங்கள். மிதக்கும் பொருளாக இருந்தால் மெல்லிய ஊசியால் முழுக்க அமுக்கிப் பிடித்தால் சரி. செங்கல் மாதிரி தண்ணீர் குடிக்கும் பொருளை அப்படியே முக்கினால் கணக்கு தப்பும்.

தங்க நாணயத்தைப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். 22 காரட்டில் ஒரு சவரன், அதாவது 8 கிராம், சுமார் 0.45 கன சென்டிமீட்டர்தான். அதற்கு நூறில் ஒரு கிராம் காட்டும் நகைத் தராசு வேண்டும். வெள்ளியோ செம்போ கூடுதலாகக் கலந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். ஆனால் டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, சுத்தத் தங்கத்துக்கு 19.3, கட்டித் தங்கத்துக்குள் டங்ஸ்டனை ஒளித்துவைத்தால் தண்ணீரால் அதைக் காட்டிக்கொடுக்க முடியாது.