பழைய வீட்டை வாங்குமுன் ரிப்பேர் பார்த்த இடங்களை முதலில் பாருங்கள்

வணக்கம். நான் இப்போது நின்றுகொண்டிருப்பது மயிலாப்பூரில் ஒரு பழைய வீட்டின் முற்றத்தில். இதை வாங்க விரும்புகிறவர், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். வீட்டின் அடையாளம் தெரியாதபடி படம்பிடிக்க உரிமையாளரும் இசைந்ததால் கேமராவோடு வந்திருக்கிறேன். முன்கட்டு 1930களில் சுண்ணாம்பும் செங்கல்லும் தேக்கும் கொண்டு எழுப்பப்பட்டது; பின்கட்டு 1980களில் காங்கிரீட்டில் சேர்க்கப்பட்டது. ஆகவே இரண்டு தலைமுறை வீடுகளின் குறைகளையும் இன்று ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

தொடங்குமுன் என் அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய வீடுகளில் நான் குறித்துக்கொடுக்கும் பழுதுகளில் பெரும்பகுதி வயதால் வந்தவை என்று சொல்லமுடியாது. யாரோ ஒருவர் நல்லெண்ணத்தோடு, அவசரமாக, கையில் கிடைத்த பொருளைக் கொண்டு பார்த்த ரிப்பேரிலிருந்தே அவை கிளைத்திருக்கும்.

வாசலை அடுத்த நடையான ரேழியின் சுவரைப் பாருங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கிறேன். தரையிலிருந்து இடுப்புயரம் வரை பெயிண்ட் கொப்புளித்து, அதன் கீழே வெள்ளையாக உப்புப் பூத்திருப்பது தெரிகிறதா? இதுதான் ஓதம். மண்ணிலுள்ள ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுவது புதிதன்று. இந்தச் சுவர் கட்டிய நாளிலிருந்தே அது ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். அதனால் பாதிப்பு ஒரு சாண் உயரத்தோடு நின்றிருக்கும். இடையில் யாரோ அந்தப் பூச்சு உதிர்வதைக் கண்டு, அதைச் செதுக்கிவிட்டுச் சிமெண்ட் பூசி, அதன்மேல் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்திருக்கிறார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் மேலும் மேலும் ஏறுகிறது. அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லையே பொடியாக்குகிறது. இங்கே விரலால் தேய்த்தாலே செம்பொடி உதிர்கிறது. இதற்கு மறுபடியும் சிமெண்ட் பூசுவதைப் போன்ற வீண்செலவு வேறில்லை. சிமெண்டைப் பெயர்த்தெடுத்து, சுவரைச் சில மாதங்கள் ஆறவிட்டு, மறுபடியும் சுண்ணாம்பே பூசவேண்டும்.

ஓதம் கூடியதற்குத் தெருவும் ஒரு காரணம். தாரின்மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டதால், வாசலில் ஏறிப் போக இருந்த படிகள் இப்போது இறங்கி வரும் படிகளாகிவிட்டன. பழைய தாரைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போடவேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். ஆனால் அதற்கு முன்பே ஏறிய உயரம் ஏறியதுதான். மழைநீர் எந்தப் பக்கம் வழிகிறது என்பதைத் தெருவில் நின்று பார்க்காமல் எந்தப் பழைய வீட்டுக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இனி மேலே பார்ப்போம். கூடத்தின் கூரை மெட்ராஸ் டெரஸ் முறையில் அமைந்தது. தேக்கு விட்டங்களின் மேல் சட்டங்களை அடுக்கி, அவற்றின்மேல் அச்சுக்கற்கள் எனப்படும் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவிட்டமாகச் சுண்ணாம்புக் கலவையில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டையான ஓடுகளைப் பதித்திருக்கிறார்கள். இந்த நேர்த்தியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வந்த வேலை சற்று மறந்துபோகும்.

விட்டத்தின் நடுப்பகுதியில் பெரும்பாலும் குறை இருக்காது. தேக்கின் வைரமேறிய உட்பகுதியைக் கரையான் எளிதில் தொடாது. நான் பார்ப்பது சுவருக்குள் புதைந்திருக்கும் முனையை. மேலிருந்து கசியும் நீர் அங்கேதான் தேங்குகிறது; காற்றுப் படாத ஈரத்தில் தேக்கும் உளுத்துப்போகும். ஏணியில் ஏறித் திருப்புளியால் குத்திப் பார்க்கிறேன். மூன்று முனைகளில் உலோகத்தில் பட்டதுபோல் எதிர்க்கிறது. தென்மேற்கு மூலையிலுள்ள நான்காவது முனையில் ஒரு அங்குலம் உள்ளே போய்விட்டது. இதே விட்டத்துக்கு நேர் மேலே மாடியில் என்ன இருக்கிறது என்று காலையிலேயே பார்த்துவிட்டேன்: கசிவை நிறுத்துவதற்காகப் பழைய தளத்தை எடுக்காமலே அதன்மேல் இன்னொரு வெதரிங் கோர்ஸ், அதாவது மழைநீர் இறங்காமல் தடுக்கும் ஜல்லித் தளம், போட்டிருக்கிறார்கள். மூன்று அங்குலக் கனத்தில் 1,000 சதுர அடிக்கு ஜல்லித் தளம் போட்டால் சுமார் 12 டன் எடை கூடும். கசிவும் நிற்கவில்லை, ஏனென்றால் நீர் நுழைந்த இடம் கைப்பிடிச் சுவரின் அடியில் அரசங்கன்று வேர்விட்ட வெடிப்பு. கன்றை மேலே வெட்டினால் மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்துவிட்டுத்தான் வெடிப்பை அடைக்கவேண்டும்.

பின்கட்டுக்கு வந்திருக்கிறோம். குளியலறைக் கூரையில் புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். வீடு முழுவதும் மங்கியிருக்க ஓரிடம் மட்டும் பளிச்சென்றிருந்தால் எனக்கு உடனே சுத்தியல் நினைவுக்கு வரும். தட்டுகிறேன், கேளுங்கள். இங்கே கணீரென்கிறது; இங்கே பொத்தென்று பானையைத் தட்டியதுபோல் கேட்கிறது. உள்ளே காங்கிரீட் கம்பியை விட்டுப் பிரிந்துவிட்டது. நல்ல காங்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மை கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கும். ஆண்டுகள் செல்லச் செல்லக் கரியமிலவாயு அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடற்காற்றின் உப்பும், கட்டும்போது உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் அந்த உப்பும் வேலையை விரைவுபடுத்துகின்றன. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பலமடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. இன்றைய இந்தியத் தரநிலை கடுமை மிகக் குறைந்த சூழலில்கூடக் கம்பிக்குக் கீழே பொதுவாக 20 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடுகனம் கேட்கிறது. இங்கே பெயர்ந்திருந்த ஓரத்தில் அளந்தபோது 8 மில்லிமீட்டர்தான் இருந்தது. துருவின்மேல் சிமெண்ட் அப்பி வெள்ளையடிப்பது ஒரு மழைக்காலம் தாங்கும். பொத்தென்று ஒலித்த பகுதியைக் கம்பிக்குப் பின்புறம் வரை உடைத்து, துருவைத் தேய்த்தெடுத்து, காப்புப் பூச்சுத் தடவி, பாலிமர் கலந்த கலவையால் நிரப்பவேண்டும். இளைத்துப்போன கம்பிக்குத் துணைக்கம்பியும் கட்டவேண்டியிருக்கும்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுவரில் மரச்சட்டம் அடித்து அதன்மேல் ஓட்டிய பழைய ஒயரிங்கிலிருந்து கீசருக்கு இணைப்பு இழுத்திருக்கிறார்கள். 2,000 வாட் கீசர் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பல்புக்காகப் போட்ட ஒயர் அதைத் தாங்காது. பியூஸ் அடிக்கடி போனதால் பியூஸ் கட்டையில் கனமான கம்பியைச் சுற்றியிருக்கிறார்கள், இனி பியூஸ் போகாது, ஒயர்தான் எரியும். எர்த் ஒயரே இல்லை. முழு ஒயரிங்கையும் மாற்றி, 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு ஸ்விட்சைப் பொருத்தும் செலவை விலைபேசும்போதே கழித்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று மீதமிருக்கிறது. முன்கட்டும் பின்கட்டும் சேருமிடத்தில் ஒரு வெடிப்பு. மேலே 4 மில்லிமீட்டர், கீழே வரவர மெலிந்து மறைகிறது. இரண்டு அஸ்திவாரங்கள் வெவ்வேறு அளவில் அமிழ்ந்ததால் வந்தது என்பதில் ஐயமில்லை. அது எப்போதோ நின்றுவிட்டதா, இன்னும் நகர்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல என்னால் முடியாது. ஆகவே வெடிப்பின் குறுக்கே மூன்று இடங்களில் கண்ணாடிச் சில்லுகளை ஒட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலால் இன்றைய தேதியை எழுதிவிட்டேன். வடகிழக்குப் பருவமழை முடிந்து தை பிறந்ததும் வந்து பார்ப்பேன். வெடிப்பு நகர்ந்து சில்லு உடைந்திருந்தாலும் முழுதாக இருந்தாலும் உங்களுக்கும் காட்டுகிறேன். அதுவரை முழுத்தொகையையும் கொடுக்கவேண்டாம் என்று வாங்குகிறவரிடம் சொல்லியிருக்கிறேன்; உரிமையாளருக்கு அதில் சிறிது வருத்தம்தான்.