113 வருடம் பிசகிய கணக்கு

(திரையில்: தோண்டிக் கிடக்கும் பழைய கல்லறை)

1977 டிசம்பர். அமெரிக்காவின் டென்னசி மாநிலம், ஃபிராங்க்ளின் ஊர். ஒரு குடும்பக் கல்லறையை யாரோ தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மேலே, தலையில்லாத ஓர் ஆண் உடல். சதையில் இன்னும் இளஞ்சிவப்பு நிறம். மானுடவியல் பேராசிரியர் வில்லியம் பாஸ் பார்த்துவிட்டு, இறந்து ஒரு வருடத்துக்குள்தான் இருக்கும் என்று கணித்தார்.

ஆனால் அது 1864இல் நாஷ்வில் போரில் இறந்த கர்னல் வில்லியம் ஷையின் உடல்.

சரி, எங்கே பிசகியது? அதற்கு முன், சாதாரணமாக ஓர் உடலுக்கு என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம்.

(திரையில்: தசை இழைகள், அசைவுப்படம்)

தசை இறுகுவதற்கு மட்டுமல்ல, தளர்வதற்கும் ஏடிபி என்ற எரிபொருள் வேண்டும். உயிர் போனதும் அது தீர்ந்துபோகிறது. பற்றிக்கொண்ட இழைகள் விடுபட முடியாமல் அப்படியே நின்றுவிடுகின்றன. சில மணி நேரத்தில் இமையிலும் தாடையிலும்தான் விறைப்பு முதலில் தெரியும். நம் வீடுகளில் உடனே தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டுகிறோமே, கட்டிவிட்டால் வாய் மூடியபடியே விறைத்துக்கொள்ளும். ஓரிரு நாளில் விறைப்பு தானாக விடும்.

அதற்குள் செல்கள் தம் நொதிகளாலேயே கரையத் தொடங்கியிருக்கும். குடல் பாக்டீரியாவைத் தடுக்க இனி யாருமில்லை. வலப்பக்க அடிவயிற்றில் ஒரு பச்சைத் திட்டு தோன்றும். பெருங்குடலின் தொடக்கம் அங்கே தோலை ஒட்டியே இருக்கிறது. பாக்டீரியா விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு ரத்தத்தோடு சேர்ந்து தரும் நிறம் அது. அப்புறம் வாயு சேர்ந்து வயிறு உப்பும், தோல் உரியும்.

திறந்தவெளியில் என்றால் பளபளக்கும் பச்சை, நீல ஈக்கள் சில நிமிடங்களிலேயே வந்து கண், மூக்கு, வாயில் முட்டையிடும். மொய்க்கும் புழுக்கூட்டம் சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருக்கும். புழுவின் வளர்ச்சியை வைத்தே இறந்து எத்தனை நாள் என்று கணக்கிடுகிறார்கள்.

ஷையின் உடலைப் பதப்படுத்தி, இரும்புப் பெட்டியில் இறுக மூடிப் புதைத்திருந்தார்கள். ஈக்கு வழியில்லை, பாக்டீரியாவுக்கும் வேலையில்லை.

பாஸ் தன் தவறை மறைக்கவில்லை. எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான். டென்னசி பல்கலைக்கழகத்தில் ஒரு நிலம் கேட்டு வாங்கி, தானமாக வந்த உடல்களை வெயிலில், நிழலில், ஆழமில்லாத குழியில், கார் டிக்கியில் வைத்து, எது எப்போது மாறுகிறது என்று குறிக்கத் தொடங்கினார்.

(திரையில்: மரங்களுக்கு நடுவே வேலி)

1981இல் அங்கே முதல் உடல் வந்தது. பெயரை வெளியே சொல்லாமல் ஓர் எண் கொடுத்தார்கள்: 1-81. அந்த ஆண்டின் முதல் தானம்.