ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா ஏன் உளறுகிறார்?

ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்கு 78 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் நடந்தது. இரண்டாம் நாள் ராத்திரியிலிருந்து என்னையே யார் என்று கேட்கிறார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார், டிரிப்ஸைப் பிடுங்குகிறார். காலையில் கொஞ்சம் தெளிவாக இருக்கிறார். புத்தி பேதலித்துவிட்டதா? தூக்க ஊசி போட்டால் சரியாகிவிடாதா?"

புத்தி பேதலிக்கவில்லை அம்மா. மறதி நோய் என்றால் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெல்ல வரும். இது ஓரிரு நாளில் வந்திருக்கிறது, பகலில் தெளிந்து இரவில் கூடுகிறது. இதை டெலிரியம் என்கிறோம். உடம்பில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது, அதைத் தாங்க முடியாமல் மூளை தடுமாறுகிறது. அந்த ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் வைத்தியம்.

வலி சரியாக அடங்கியிருக்கிறதா? காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச் சளி உண்டா? ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு, சர்க்கரை, ஆக்சிஜன் எப்படி? மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வயிறு முட்டிக்கொண்டு, சொல்லத் தெரியாமல் தவிக்கும் பெரியவர் கட்டிலை விட்டு எழுந்து ஓடத்தான் பார்ப்பார். அப்புறம் மருந்துகள். தூக்க மாத்திரை, சில அலர்ஜி மாத்திரைகள், வலிக்கான மார்ஃபின் வகைகள்கூடக் குழப்பத்தைக் கொண்டுவரும். வீட்டில் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளையும் எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பாவுக்குத் தினமும் குடிக்கும் பழக்கம் இருந்ததா? குடி நின்ற 2 முதல் 4 நாளுக்குள் வரும் டெலிரியம் உயிருக்கே ஆபத்து. அதற்கு லோராசெபாம், டயசெபாம் போன்ற தூக்க மருந்துகளும் தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் அவசியம். மற்ற டெலிரியத்தில் அதே லோராசெபாம் நிலைமையை மோசமாக்கும். வெட்கப்பட்டு மறைத்தால் வைத்தியமே திசை மாறிவிடும்.

சரி, முரண்டை அடக்கக் கொடுக்கும் ஹாலோபெரிடால் என்ற மருந்து? தனக்கோ மற்றவர்க்கோ ஆபத்து என்னும் அளவுக்கு முரண்டு பிடித்தால் மட்டும், அரை மில்லிகிராம் போல மிகக் குறைந்த அளவில், சில நாட்களுக்குக் கொடுப்போம். பார்க்கின்சன் நோயாளிக்குக் கூடாது. அது டெலிரியத்தைக் குணமாக்கும் மருந்தும் இல்லை. 2018-இல் வெளியான ஒரு பெரிய ஐசியு ஆய்வில், அதைக் கொடுத்தவர்களுக்கும் வெற்று மருந்து கொடுத்தவர்களுக்கும் டெலிரியம் நீடித்த நாட்களில் வித்தியாசம் தெரியவில்லை.

மாத்திரையால் முடியாததை நீங்கள் செய்ய முடியும். அவருடைய கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் மாட்டிவிடுங்கள். பகலில் வெளிச்சம், ராத்திரி இருட்டும் அமைதியும் இருக்கட்டும். டாக்டர் அனுமதித்ததும் உட்கார வையுங்கள், நடக்க வையுங்கள். பூச்சி இல்லை என்று வாதாடாதீர்கள். கையைப் பிடித்து, "நான் உங்கள் மகள், ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், நான் கூடவே இருக்கிறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். கையைக் கட்டிப்போட்டால் பயமும் முரண்டும்தான் கூடும்.

இன்னொன்று. திடீரென்று அவர் சத்தமே இல்லாமல் சுருண்டு படுத்து, சாப்பிடாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் அடங்கிவிட்டார் என்று நிம்மதி அடையாதீர்கள். அதுவும் டெலிரியமாக இருக்கலாம். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.