பாபநாசம் டு புன்னைக்காயல்: ஒரு சைக்கிள், ஒரு டென்ட், எட்டு அணைக்கட்டு

வணக்கம் மக்களே! சத்தம் கேக்குதா? எனக்குப் பின்னால இரையறது தாமிரபரணி. பாபநாசத்துல நிக்கேன். வண்டியப் பாருங்க. கியர் இல்லாத சாதா சைக்கிள். கேரியர்ல டென்ட், பாய், சின்ன ஸ்டவ், ஒரு பழைய போர்வை. இங்கேர்ந்து ஆறு கடல்ல சேர்ற புன்னைக்காயல் வரைக்கும் தண்ணிய ஒட்டியே போறதுதான் திட்டம்.

பொதிகையில பொறந்து கடல் வரைக்கும் ஆத்தோட மொத்த நீளமே சுமார் 125 கிலோமீட்டர்தான். மெயின் ரோட்டப் பிடிச்சு மிதிச்சா ஒரே நாள்ல கடலைப் பாத்துரலாம். அதுக்கு பஸ்லயே போயிரலாம்லா? நான் போறது வேற வழி. இந்த ஆத்துல எட்டு அணைக்கட்டு இருக்கு. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியா ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒண்ணு மட்டும் வெள்ளக்காரன் காலத்துல கட்டுனது, மத்த ஏழும் அதுக்கு முந்துன காலம். ஒவ்வொண்ணுலயும் கால்வாய் பிரியும். அந்தக் கால்வாய்க் கரை மேல ஒரு மண் பாதை போகும் பாருங்க, இந்தப் பக்கம் தண்ணி, அந்தப் பக்கம் வயலு, வாழைத்தோப்பு, லாரி கிடையாது. அதான் நம்ம ரோடு.

கிளம்புறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிருதேன். இதுக்கு மேல காரையார், சொரிமுத்தையனார் கோயில் எல்லாமே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். செக்போஸ்ட்டத் தாண்டி டென்ட் போடலாம்னு யாரும் கெளம்பிராதீங்க. அப்புறம் இந்தப் படித்துறையப் பாருங்க. கேமராவ கீழ இறக்குதேன். எல்லாம் துணி. பரிகாரம்னு சொல்லி உடுத்துன துணிய ஆத்துல விட்டுட்டுப் போயிருதாங்க. பாவம் போகுதோ என்னமோ, துணி போகல. இங்கனயேதான் கெடக்கு.

மேல இருக்குற அருவியிலதான் 1925 ஜூன்ல விடுதலைப் போராட்ட வீரர் வ.வே.சு. ஐயர் தண்ணியில விழுந்த மகளைக் காப்பாத்தக் குதிச்சு, ரெண்டு பேருமே போயிட்டாங்க. அவரு குருகுலம் நடத்துன சேரன்மகாதேவி இந்த வழியிலதான் வருது. அங்க போய் மிச்சத்தப் பேசுவோம்.

சரி, இப்ப கன்னடியன் கால்வாய்க் கரையில நிக்கேன். கல்லிடைக்குறிச்சியில நிறுத்தி அப்பளம் வாங்கிக்கிட்டேன், ராத்திரி சோத்துக்கு ஆகும். இந்தக் கால்வாய்க்கு ஒரு கதை சொல்லுவாங்க. கன்னட தேசத்துலேர்ந்து வந்த ஒரு பிரம்மச்சாரி கையில பொன்னு இருந்துச்சாம், அத என்ன செய்யன்னு அகத்தியர்கிட்ட கேட்டாராம். ஒரு பசு பின்னால போ, அது நடக்குற வழியெல்லாம் கால்வாய் வெட்டு, படுக்குற இடத்துல குளம் வெட்டுன்னு அவரு சொன்னாராம். கதைதான். ஆனா இந்தக் கரையில மிதிச்சுப் பாருங்க, நேரா ஒரு அம்பது மீட்டர்கூட போகாது. சரிவு எங்க இருக்கோ அங்க வளையும். தண்ணிக்கு மோட்டார் கெடையாது, மேடு பள்ளம் பாத்து வெட்டுனாத்தான் ஓடும். மாடு நடந்த வழின்னு சொன்னது சும்மா இல்லன்னு எனக்குத் தோணுது. இந்தப் பக்கந்தான் காருகுறிச்சி. நாகஸ்வரம்னா அருணாசலம், பானைன்னாலும் இந்த ஊருதான். சூளைக்குப் பக்கத்துல ரோட்டுல பானை அடுக்கியிருக்கும், வண்டிய உருட்டிக்கிட்டுப் போங்க.

திருப்புடைமருதூர். மக்களே, இங்க மட்டும் நான் கொஞ்சம் நீளமாப் பேசுவேன், பொறுத்துக்கோங்க. கடனா நதி இங்கனதான் தாமிரபரணியில சேருது. மரம் பூராவும் பறவை. 2005-ல இந்தியாவோட முதல் பாதுகாப்பு ஒதுக்கிடமா அறிவிச்சது இந்த ஊரத்தான். கோயில்ல நாறும்பூநாதர். லிங்கம் லேசா சாஞ்சிருக்கும். அக்கரையில நின்ன கருவூர்ச் சித்தர் கூப்பிட்டது என்னன்னு சாமி தலைய சாய்ச்சுக் கேட்டதாச் சொல்லுவாங்க. ஆனா நான் வந்தது கோபுரத்துக்காக. உள்ள ஒவ்வொரு நிலையிலயும் மரச்சிற்பம், சுவர் பூரா ஓவியம். குதிரை ஏத்திக்கிட்டு வர்ற கப்பல், படை, யானை, சண்டை. அந்தச் சண்டை 1532-ல விஜயநகரப் படைக்கும் தெக்குக் கேரளத்து வேணாட்டுக்கும் நடந்த தாமிரபரணிப் போர்னு ஆய்வாளர்கள் சொல்லுதாங்க. கோபுரத்து மேல ஏற கோயில்ல அனுமதி கேக்கணும். கேமரா உள்ள கொண்டு போகல, அதனால உங்களுக்குக் காட்ட ஒண்ணும் இல்ல. நேர்ல வாங்க.

ராத்திரி தங்குறதப் பத்தி. நம்ம ஊர்ல கேம்பிங் சைட்டுன்னு போர்டு வச்ச இடம் இந்த ஆத்தங்கரையில நான் பாக்கல. கேட்டுத்தான் தங்கணும். இருட்டுறதுக்கு முன்னால ஊருக்குள்ள போயி, டீக்கடையில ஒரு டீ குடிச்சிட்டு, "அண்ணாச்சி, இங்கன டென்ட் போட்டுக்கலாமா"ன்னு கேட்டுருங்க. எனக்கு ஒரு வாழைத்தோப்புல மோட்டார் ரூம் திண்ணை கெடச்சிது. தோப்புக்காரர் கேட்ட ஒரே கேள்வி, "ஏன் தம்பி, வீட்ல எதும் சண்டையா?" காரு, பஸ்ஸு எல்லாம் விட்டுட்டு சைக்கிள்ல வந்து தரையில படுக்கறவனுக்கு வேற காரணம் அவருக்குத் தெரியல. நடுராத்திரி அவரே டார்ச் அடிச்சுப் பாம்பு இருக்கான்னு பாத்துட்டுப் போனாரு.

ஆத்து மணல்ல மட்டும் டென்ட் போடாதீங்க. வெள்ளை மணலு, நிலா வெளிச்சம், போட்டோ சூப்பரா வரும். ஆனா மேல அணையில தண்ணி தெறந்தா படுத்திருக்குற உங்களுக்கு யாரும் வந்து சொல்ல மாட்டாங்க. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சுதே, ஞாபகம் இருக்கா? அப்ப ஸ்ரீவைகுண்டத்துல ரயிலே நகர முடியாம நூத்துக்கணக்கான பேரு மாட்டிக்கிட்டாங்க. இது அந்த ஆறுதான்.

சேரன்மகாதேவி. ஐயர் நடத்துன குருகுலத்துல பிராமணப் பசங்களுக்குத் தனியா சாப்பாடு போட்டாங்கன்னு பெரிய சண்டை. வரதராஜுலு நாயுடு, பெரியார் எல்லாம் எதிர்த்தாங்க. தமிழ்நாட்டு அரசியலே அதுக்கப்புறம் திரும்புச்சு. இப்ப இங்க நின்னா ஆறு, வயலு, பழைய கோயிலு, ஒரு ரயில்வே கேட்டு. அவ்வளவு பெரிய சண்டை நடந்த ஊருன்னு யாரும் நம்ப மாட்டாங்க.

திருநெல்வேலிக்குள்ள சைக்கிள் ஓட்டுறதப் பத்திப் பேச வேண்டாம். குறுக்குத்துறைக்கு மட்டும் போங்க. ஆத்துக்கு உள்ளயே முருகன் கோயில். வெள்ளம் வந்தா உற்சவர மேலக்கோயிலுக்குத் தூக்கிட்டு வந்துருவாங்க, மூலவர் தண்ணிக்குள்ளயே இருப்பாரு. அப்புறம் சுலோசன முதலியார் பாலம். 1843. கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா, அதாவது தலைமை எழுத்தரா இருந்தவரு, சொந்தக் காசப் போட்டுக் கட்டுனது, 11 வளைவு. நான் நிக்கற இந்தக் கொக்கிரகுளம் பக்கந்தான் 1999 ஜூலை 23-ல மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்துல போலீஸ் தடியடி நடந்து, 17 பேரு இந்த ஆத்துல செத்தாங்க. கைக்குழந்தையும் அதுல உண்டு. பாலத்தப் பத்திப் பேசறவங்க இதச் சொல்லாம விட்டுருதாங்க. நான் விட மாட்டேன்.

மருதூர் அணைக்கட்டு. யப்பா! நீளம் 4000 அடிக்கு மேல, நேரா இல்லாம வளைஞ்சு கெடக்கு. தண்ணி பூரா அகலத்துக்கும் வழிஞ்சு விழுது. மேலக்கால், கீழக்கால்னு ரெண்டு கால்வாயும் இங்கதான் பிரியுது. எட்டுல எது பிடிச்சதுன்னு கேட்டா நான் இதத்தான் சொல்லுவேன்.

அடுத்தது ஆதிச்சநல்லூர். திருச்செந்தூர் ரோட்டுக்குப் பக்கத்துலயே ஒரு செம்மண் பரம்பு. பஸ்ல போனா கண்ணுல படவே படாது. 1876-ல ஜெர்மன்காரர் யாகோர் தோண்டி எடுத்தது பெர்லினுக்குப் போச்சு. அப்புறம் அலெக்சாண்டர் ரே தோண்டுனதுல செத்தவங்கள வச்சுப் புதைச்ச தாழி, இரும்பு, வெண்கலம், தங்க நெற்றிப்பட்டம் எல்லாம் கெடச்சு சென்னை மியூசியத்துக்குப் போச்சு. இப்ப தோண்டுன குழிய அப்படியே விட்டு, மேல கண்ணாடி போட்டிருக்காங்க. காலுக்குக் கீழ தாழி தெரியும். எனக்கு இது பிடிச்சிருக்கு. பொருள் எங்க கெடச்சுதோ அங்கனயே பாக்கணும்.

ஸ்ரீவைகுண்டம், எட்டாவது அணைக்கட்டு. இதுக்குக் கீழ ஆறு இளைச்சுரும். தூத்துக்குடி ஆலைகளுக்கும் இங்கேர்ந்துதான் தண்ணி போகுது. மணல் கொள்ளைக்கு எதிரா நல்லகண்ணு ஐயா கோர்ட்டுக்குப் போயி, 2010-ல தடை வாங்குனது இந்தப் பக்கத்து ஆத்துக்குத்தான். ஆழ்வார்திருநகரியில நம்மாழ்வார் புளியமரத்தப் பாத்துட்டு நான் நேரா கொற்கைக்கு வந்துட்டேன். பாண்டியர் துறைமுகம். இப்ப கடலு இங்கேர்ந்து பல கிலோமீட்டர் தள்ளிப் போயிருச்சு. முத்து எறக்குன இடத்துல நெல்லு நிக்குது.

புன்னைக்காயல் வந்தாச்சு. படகு, வலை, உப்புக்காத்து. தமிழ் படிச்சு, தமிழ்லயே அச்சுப் போட்ட ஹென்றி ஹென்றிகஸ் பாதிரியார் 16-ம் நூற்றாண்டுல இருந்து வேலை செஞ்ச ஊரு.

நீங்க வர்றதா இருந்தா ஒண்ணே ஒண்ணு, காத்து. ஆடிக்காத்து மேற்கேர்ந்து அடிக்கும், முதுகுல தள்ளிக்கிட்டே கடல் வரைக்கும் கொண்டாந்து விட்டுரும். ஆனா வெயிலு கடுசு. மழைக்காலத்துல நடுற பிசான நெல்லு வளர்ந்து நிக்கறதப் பாக்கணும்னா தை, மாசியில வாங்க, பச்சை கண்ண விட்டுப் போகாது. எப்ப வந்தாலும் மேற்கேர்ந்து கெழக்க வாங்க, தண்ணி போற பக்கமா. நான் இப்ப திருச்செந்தூர் ஸ்டேஷன்ல சைக்கிள பார்சல் போடணும், புக்கிங் மூடுறதுக்குள்ள போகணும். வரட்டா!