கௌரியம்மா என்ற சட்டமன்ற உறுப்பினர்

நண்பர்களே, எம்எல்ஏ என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? சிபாரிசுக் கடிதம், கல்யாணப் பத்திரிகை, தெருவிளக்கு மனு. அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் சட்டமன்றம் என்ற பெயரிலேயே சட்டம் இருக்கிறதே! அதைக் கையில் எடுத்த ஒரு பெண் என்ன செய்தார் என்று சொல்லத்தான் கேரளத்துக் கே.ஆர்.கௌரியம்மாவை இன்று எடுத்துக்கொண்டேன்.

சேர்த்தலைக்குப் பக்கத்தில் பட்டணக்காட்டில் 1919இல் பிறந்தவர். கேரளத்தின் ஈழவர் சமூகத்திலிருந்து சட்டம் படித்த முதல் பெண். 1952, 1954 தேர்தல்களில் வென்று திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்துக்குப் போனார். 1957இல் கேரளத்தின் முதல் முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் வருவாய்த்துறை அமைச்சர்.

அன்றைய குடிகிடப்புக்காரரின், அதாவது அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவரின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஜென்மியின், அதாவது நிலச்சொந்தக்காரரின் தோப்பில் ஓலைக் குடிசை. பிள்ளைகள் பிறந்ததும் அங்கேதான், பெரியவர்கள் செத்ததும் அங்கேதான். ஆனால் நிலத்துக்காரர் 'கிளம்பு' என்றால் சட்டியையும் பாயையும் தூக்கிக்கொண்டு வழியில் நிற்க வேண்டும். அமைச்சரவை பதவியேற்றது ஏப்ரல் 5. ஒரு வாரம்கூட ஆகவில்லை, குடியிருப்பவரையும் குத்தகைதாரரையும் வெளியேற்றக் கூடாது என்று அவசரச் சட்டம் வந்துவிட்டது. எனக்கு அந்த வேகம்தான் பெரிதாகப் படுகிறது. வெளியேற்றப்படுகிறவனுக்கு அடுத்த மாதம் என்பது ரொம்ப தூரம்.

அப்புறம் நிலச் சீர்திருத்த மசோதா. 1959இல் அது நிறைவேறிய சில வாரங்களில் ஆட்சியையே கலைத்துவிட்டார்கள். கௌரியம்மா விடவில்லை. 1967இல் மறுபடியும் வருவாய்த்துறை. 1969இல் கொண்டுவந்த திருத்தம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குத்தகை முறையே ஒழிந்தது. குடிசை நின்ற மண்ணைக் குடியிருந்தவரே வாங்கிக்கொள்ளலாம். கிராமமானால் பத்து சென்ட் வரை. பத்து சென்ட் சின்ன அளவுதான். ஆனால் அதில் வைக்கிற தென்னை இனி அவருடையது.

கம்யூனிஸ்ட் கட்சி 1964இல் உடைந்தபோது கணவர் டி.வி.தாமஸ் ஒரு பக்கம், இவர் மார்க்சிஸ்ட் பக்கம். 1994இல் இவரையே மார்க்சிஸ்ட் கட்சி வெளியேற்றியது, தனிக்கட்சி தொடங்கினார்.

சரி, 1996க்கு வருகிறேன். ஆதிவாசிகள் இழந்த நிலத்தை மீட்டுத் தர 1975இல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அதன் வலுவைக் குறைக்கும் திருத்தம் அவைக்கு வந்தது. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி எல்லாரும் ஆதரவு. 140 பேர் கொண்ட அவையில் எதிர்த்தவர் ஒருவர்தான், அரூர் உறுப்பினர் கௌரியம்மா. அப்போது அவருக்கு வயது 77. திருத்தம் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் தரவில்லை.